மேய்ச்சல் பாஸ் இந்த வருஷம் இல்லைன்னுட்டாங்களா? கிராம சபைக்குப் போங்க

அண்ணே, தாத்தா காலத்துல இருந்து மலைமாடு மேய்ச்ச காட்டுக்கு இந்த வருஷம் பாஸ் (மேய்ச்சல் அனுமதிச் சீட்டு) இல்லைன்னு வனத்துறைல திருப்பி அனுப்பிட்டாங்கன்னு எழுதியிருந்தீங்க, படிச்சதும் மனசு கனத்துப் போச்சு. பாஸுக்கு மட்டும் அலையாதீங்க, 2006 வன உரிமைச் சட்டம் மேய்ச்சல உரிமைன்னே சொல்லுது, இடம் மாறி மாறி மேய்க்கிறவங்களுக்கும் சேர்த்துதான். ஊரா சேந்து சமூக உரிமைக்கான படிவத்த கிராம சபையோட வன உரிமைக் குழுகிட்ட கொடுங்க. பழைய மேய்ச்சல் ரசீது, பட்டி போட்ட இடம், சாமி கும்பிடுற இடம், பெரியவங்க வாக்குமூலம் எல்லாத்தையும் சேருங்க, ரசீதுக்கு நகல் மட்டும் கொடுங்க, ஒரிஜினல் கையவிட்டுப் போகக்கூடாது. மேய்ப்பர்கள் கோரிக்கைய அவங்களோ அவங்க ஆளோ இருக்கும்போதுதான் சரிபார்க்கணும்னு இந்தச் சட்டத்தோட விதிகள்ல விதி 12 இருக்கு, நீங்க மலையில இருக்கறப்ப சரிபார்ப்ப முடிச்சிட்டா விடாதீங்க. பழங்குடி இல்லைன்னா மூணு தலைமுறை, அதாவது 75 வருஷ ஆதாரம் கேப்பாங்க, அத இப்பவே தேட ஆரம்பிங்க.