உருகாத உலை ஏன் பெருகவில்லை?

கேள்வி: விபத்து நேர்ந்தாலும் உருகாத நவீன அணு உலைகள் வந்துவிட்டன என்று படிக்கிறேன். அது நிஜமானால், எல்லா நாடுகளும் ஏன் இன்னும் பழைய மாதிரிப் பெரிய உலைகளையே கட்டுகின்றன? யார் தடுக்கிறார்கள்?

பதில்: யாரும் தடுக்கவில்லை. உருகாது என்பது நிஜம்தான். அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதைத்தான் நீங்கள் படிக்கும் செய்திகள் சொல்வதில்லை.

உலையை நிறுத்திய கணத்திலும் அதன் வெப்பத்தில் 6 சதவீதத்துக்கு மேல் மிஞ்சியிருக்கும். ஃபுகுஷிமாவில் எரிபொருளை உருக்கியது அந்த மிச்ச வெப்பம்தான். சீனாவின் ஷிடாவ் விரிகுடாவில் 2012 டிசம்பரில் கட்டத் தொடங்கி, 2023 டிசம்பரில் வணிக உற்பத்திக்கு வந்த, ஹீலிய வாயுவால் குளிர்விக்கும் உலையில் இந்த ஆபத்து இல்லை. அங்கே எரிபொருள், 6 செ.மீ. விட்டமுள்ள கிராஃபைட் உருண்டைகள். ஒவ்வோர் உருண்டைக்குள்ளும் சிலிக்கன் கார்பைடு உறை போட்ட, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஆயிரக்கணக்கான யுரேனியத் துகள்கள். சுமார் 1,600 டிகிரி வரை அந்த உறை கதிரியக்கப் பொருட்களை வெளியே விடாது. 2023-ல் ஹீலியத்தைச் சுழற்றும் விசிறிகளை ஓட்டத்திலேயே நிறுத்திச் சோதித்தார்கள். அவசரத் தண்ணீர் எதையும் பாய்ச்சாமலே வெப்பம் உலைக் கலனின் சுவர் வழியாக வெளியேறியது.

இது எப்படிச் சாத்தியமாயிற்று? அழுத்தத்தில் வைத்த நீரால் குளிர்விக்கும் சாதாரண உலையின் மையத்தில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 100 மெகாவாட் வெப்பம் பிறக்கிறது. இதிலோ 3 மெகாவாட் சொச்சம்தான். வெப்பம் சுவரை எட்ட வேண்டும் என்பதற்காக மையத்தின் விட்டத்தையும் 3 மீட்டரில் நிறுத்திக்கொண்டார்கள். விளைவு, சுமார் 25 மீட்டர் உயரக் கலன்கள் இரண்டு சேர்ந்து தருவது 210 மெகாவாட் மின்சாரம். பெரிய உலை ஒன்றே 1,000 மெகாவாட்டுக்கு மேல் தந்துவிடும். ஆக, உருகாமல் காப்பது எதுவோ, அதுவேதான் செலவையும் ஏற்றுகிறது. விளம்பரக் கையேடுகள் இவை இரண்டையும் ஒரே பக்கத்தில் சொல்லாதது எனக்கு நியாயமாகப் படவில்லை.

தொழிற்சாலையில் வரிசையாகச் செய்தால் விலை இறங்கும் என்பார்கள். இறங்கலாம், ஆனால் முதல் சில உலைகளை வாங்க யாராவது முன்வர வேண்டுமே! அமெரிக்காவின் ஐடஹோவில் 462 மெகாவாட்டுக்குத் திட்டமிட்ட, நுஸ்கேல் நிறுவனத்தின் சிற்றுலைகளின் மின்சார விலை, மெகாவாட் மணிக்கு 58 டாலரிலிருந்து 89 டாலராக ஏறியது. 2023 நவம்பரில் திட்டத்தையே கைவிட்டார்கள்.

அடுத்த தடை எரிபொருள். வழக்கமான நீர் உலைகளுக்கு 5 சதவீதம் வரை செறிவூட்டிய (அதாவது, எளிதில் பிளவுபடும் வகையின் பங்கை அந்த அளவுக்கு உயர்த்திய) யுரேனியம் போதும். புது வடிவங்கள் பலவற்றுக்கு 20 சதவீதத்தை ஒட்டித் தேவை. அதை வணிக அளவில் விற்றது ரஷ்யா மட்டுமே. உக்ரைன் போருக்குப் பின் அந்த வழி அடைபட, வயோமிங் மாநிலத்தின் நேட்ரியம் உலை குறைந்தது 2 ஆண்டுகள் தள்ளிப்போகும் என்று 2022 டிசம்பரில் அறிவித்தார்கள்.

நேட்ரியத்தில் வெப்பத்தை எடுத்துச் செல்ல ஓடப்போவது திரவ சோடியம். சோடியம் என்றதும் ஜப்பானின் மோன்ஜு சோடிய உலையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1995 டிசம்பர் 8 அன்று, கதிரியக்கம் இல்லாத இரண்டாம் சுற்றுக் குழாயில் வெப்பநிலை பார்க்கச் செருகியிருந்த ஓர் உலோக உறை முறிந்தது. அதன் தடிமன் ஓரிடத்தில் படிபோலச் சட்டென்று குறைந்திருந்தது. சோடிய ஓட்டத்தின் சுழிப்பில் மெல்லிய நுனி இடைவிடாமல் அதிர்ந்து, அந்தப் படியிலேயே களைத்து ஒடிந்தது. சுமார் 640 கிலோ சோடியம் கொட்டி, காற்றுப் பட்டு எரிந்தது. சேதத்தைக் காட்டும் வீடியோவை நிர்வாகம் மறைத்தது தெரிந்ததும் மக்கள் நம்பிக்கையும் போயிற்று. 2010-ல் மீண்டும் இயக்கிய சில மாதங்களில் 3.3 டன் எடையுள்ள எரிபொருள் மாற்றும் கருவி கலனுக்குள் விழுந்தது. 2016-ல் உலைக்கே மூடுவிழா.

சோடியமே குற்றவாளி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ரஷ்யாவின் பெலோயார்ஸ்கில் பிஎன்-600 உலை 1980 முதல் அதே சோடியத்தில் ஓடுகிறது. அங்கும் பலமுறை கசிந்திருக்கிறது. கசியும் என்று எண்ணியே நீராவி உற்பத்திக் கலன்களைப் பல தனிப் பிரிவுகளாக அமைத்திருந்தார்கள். கெட்ட பிரிவை மட்டும் அடைத்துவிட்டு மற்றவற்றைக் கொண்டு உலையை ஓட்டினார்கள்.