மோட்டார்ஹோம் ரோட்டில் அலைபாய்கிறது, சஸ்பென்ஷனை மாற்றினால் சரியாகுமா?

ஃபோர்டு ஈ-450 வேன் சேசிஸ் மேல் வீடு மாதிரி கட்டிய வண்டி, லாரி கடந்தாலே லேன் மாறப் பார்க்கிறது, ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எல்லாவற்றையும் மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள், முதலில் எடை போடுங்கள். பார்ட்ஸ் விற்கிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்கு இதில் ஒன்றும் தேறாதே.

டெக்சஸில் நான் ஓட்டுவதும் இதே வண்டிதான். ஐ-10 நெடுஞ்சாலையில் மேற்கே போனால் வேக வரம்பு 80 மைல், நான் 60-ல் உருட்டிக்கொண்டிருப்பேன். பின்னால் வரும் பெரிய லாரி முதலில் வலப்பக்கம் தள்ளும், தாண்டும்போது தன் பக்கம் இழுக்கும். லாரியைக் கண்ணாடியில் பார்த்ததுமே என் மனைவி காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார்.

தண்ணீர், மளிகை, பிள்ளைகள் என்று டூர் போகிற கோலத்திலேயே லாரி எடை மேடையில் ஏற்றினேன். பின் அச்சு வரம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது, முன்பக்கம் லேசு. தண்ணீர்த் தொட்டி பின் அச்சுக்கும் பின்னால் இருக்கிறது, 40 கேலன் என்றால் 330 பவுண்டுக்கு மேல். அது அங்கே அழுத்தினால் முன்பக்கம் தூக்கத்தானே செய்யும், அப்புறம் ஸ்டியரிங்குக்கு ஏது பிடி? இப்போது கால் தொட்டிதான் நிரப்புகிறேன். முன் டயர் காற்றையும் டயர் கம்பெனியின் எடை அட்டவணையைப் பார்த்துக் குறைத்தேன், அலமாரியில் பாத்திரம் உருளும் சத்தம் பாதியாகிவிட்டது. எடை போடாமல் காற்றை இறக்கிவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

அடுத்தது அலைன்மென்ட், அதாவது சக்கரக் கோணங்களைச் சரிபார்ப்பது. ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்புவது காஸ்டர் கோணத்தால், அதாவது முன் சக்கரம் திரும்பும் அச்சு பின்பக்கம் சாய்ந்திருக்கும் அளவால். முதலில் போன கடையில் காலி வண்டியை நிறுத்திப் பார்த்து "அளவுக்குள்தான் இருக்கிறது" என்று பில்லை நீட்டினார்கள். பிறகு லாரி வேலை செய்யும் ஒரு பெரியவர், சாமானோடு கொண்டுவரச் சொல்லி, அந்தக் கோணத்தை நிர்ணயிக்கும் புஷ்ஷிங்கை மாற்றி, காஸ்டரை 5 டிகிரிக்கு மேல் வைத்துக்கொடுத்தார். வண்டி கோடு பிடித்த மாதிரி போகிறது. கடைசியாகப் பெட்ரோல் பங்க் மேட்டில் ஏறும்போது பக்கவாட்டில் ஆடுவதற்கு, பின்னால் தடிமனான ஸ்வே பார் (வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) போட்டேன். ஸ்டியரிங் உதறலை அடக்கும் ஸ்டியரிங் டேம்பர் வாங்கவில்லை. வாங்கியவர்கள் சண்டைக்கு வர வேண்டாம், முன் டயர் வெடித்தால் உதவும் என்கிறார்கள், இருக்கட்டும்.

இதற்கெல்லாம் செலவு செய்கிறேன் என்று தெரிந்ததும் ஊரிலிருந்து போன், "அந்தக் காசுக்கு ஹோட்டல்ல தங்கலாமேப்பா" என்று. அதே ஆட்கள் லீவுக்கு வந்து இறங்கினால் முதல் கேள்வி, "வண்டிய எடுக்கலையா?"

சரி, எடை போட்டதும் முன், பின் இரண்டையும் தனித்தனியாக இங்கே எழுதுங்கள், காற்று எவ்வளவு வைக்கலாம் என்று பார்ப்போம்.