இரவு ஷிப்டில் ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) இல்லை, கேட்டால் ‘விதியே போய்விட்டது’ என்கிறார்கள்

உங்கள் ஓஹையோ நர்சிங் ஹோம் நிர்வாகம் சொல்வது பாதி உண்மை. 24 மணி நேரமும் ஆர்.என். இருக்க வேண்டும் என்ற 2024ஆம் ஆண்டு பெடரல் விதியை 2025 ஏப்ரலில் டெக்சஸ் நீதிமன்றம் ரத்து செய்தது. ஜூலையில் வந்த சட்டம் அமலாக்கத்தை 2034 வரை தள்ளியது.

ஆனால் பழைய விதி அப்படியே இருக்கிறது. விலக்கு வாங்கியிருந்தால் ஒழிய, தினமும் தொடர்ந்து 8 மணி நேரம் ஆர்.என். வேண்டும்; மற்ற நேரமெல்லாம் குறைந்தது எல்.பி.என். (ஆர்.என்.-க்கு அடுத்த நிலையில் உள்ள, உரிமம் பெற்ற நர்ஸ்) ஆவது வேண்டும். ‘போதுமான’ ஆட்கள் என்ற நிபந்தனையும் உண்டு (வழுக்கலான சொல்தான், ஆனாலும் சோதனையில் மாட்டுவார்கள்).

ஷிப்டுக்கு எத்தனை பேர் என்று அவர்கள் தினமும் பார்வைக்கு வைக்க வேண்டும். அதைத் தேதியோடு குறித்து வையுங்கள். அதில் உள்ளதற்கும் உண்மையில் வேலையில் இருந்தவர்களுக்கும் வித்தியாசம் இருந்தால் மாநில சுகாதாரத் துறைக்குப் புகார் செய்யலாம், பெயர் சொல்லாமலும்.