அமிலத்தை மாற்றிப் போடலாமா? இருட்டறைக் கேள்விகள்

அசிட்டிக் அமிலத்தின் நெடி தாங்கவில்லை சார். ஸ்டாப் பாத்துக்கு எலுமிச்சை உப்பு போடலாமா? (கீழக்கரை வாசகர்)

தாராளமாகப் போடலாம். ஃபிலிமில் படத்தை வெளிக்கொண்டு வரும் டெவலப்பர் கரைசலுக்கு அடுத்து ஃபிலிமை முக்கும் கரைசல்தான் ஸ்டாப் பாத். அதில் அமிலத்துக்கு ஒரே வேலைதான்: டெவலப்பரின் காரத்தன்மையை முறித்து, அது மேலும் வேலை செய்யாமல் நிறுத்துவது. எலுமிச்சை உப்பு என்பது சிட்ரிக் அமிலம்தான். பலசரக்குக் கடையில் விற்பதே போதும், 1 லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம். வாடை இருக்காது. ஆனால் வைத்திருந்தால் பூஞ்சை கட்டும். நம்மூர் வெக்கையில் அதற்கு அதிக நாள் ஆகாது. அன்றன்றைக்குக் கலக்கி அன்றே கொட்டிவிடுங்கள்.

வெள்ளை வினிகரும் ஆகும். 4 சதவீதம் என்று போட்டிருந்தால் ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர். எலுமிச்சம்பழச் சாறு மட்டும் வேண்டாம். சக்கையும் சர்க்கரையும் ஃபிலிமில் ஒட்டும்.

எலுமிச்சை உப்பைக் கூடுதலாகப் போட்டேன். நெகட்டிவில் ஊசி குத்தியது போல் ஓட்டைகள். ஏன்? (தங்கச்சிமடம்)

உங்கள் டெவலப்பரில் சோடியம் கார்பனேட் இருக்கிறதா பாருங்கள். கார்பனேட்டும் கடும் அமிலமும் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு குமிழி கிளம்பும். ஃபிலிமின் மேல் பூச்சான ஜெலட்டின் சூட்டில் ஊதிக் கிடக்கும், அதைக் குமிழி பொத்துவிடும். ஒரு கல்யாண ரோலை நான் இப்படித்தான் இழந்தேன். நெகட்டிவில் ஓட்டை என்றால் பிரின்ட்டில் கரும்புள்ளி. மணப்பெண்ணின் கன்னத்தில் ஏழெட்டுப் புள்ளிகள். அதை அந்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்த நாள் இன்னும் மனதில் இருக்கிறது.

அமிலத்தைப் பாதியாகக் குறையுங்கள், அல்லது வெறும் தண்ணீரில் அலசுங்கள். எல்லாக் கரைசலையும் ஒரே சூட்டில் வையுங்கள். மீன் ஐஸ் கிடைக்கும்தானே, அதைப் பாலித்தீன் பையில் கட்டி டிரேக்கு வெளியே வையுங்கள். கரைசலுக்குள் போடக் கூடாது.

ஃபிக்ஸரிலும் அதே உப்பைப் போட்டேன், பால் போல் திரிந்துவிட்டது. (பாம்பன்)

இங்கே விஷயமே வேறு. ஃபிக்ஸர் என்பது படத்தை நிலைக்க வைக்கும் கரைசல். அதன் முக்கியச் சரக்கான ஹைப்போவில் (சோடியம் தயோசல்ஃபேட்) அமிலம் நேராகப் பட்டால் கந்தகம் பிரிந்துவிடும். நீங்கள் பார்த்த பால் அதுதான். இதைத் தடுக்கத்தான் சோடியம் சல்ஃபைட் சேர்க்கிறோம். அதனால் வரிசை முக்கியம். கோடாக்கின் பழைய எஃப்-5 சூத்திரத்தைப் பாருங்கள்: 1 லிட்டருக்கு ஹைப்போ 240 கிராம், சல்ஃபைட் 15 கிராம், 28 சதவீத அசிட்டிக் அமிலம் 48 மில்லி, போரிக் அமிலம் 7.5 கிராம், படிகாரம் 15 கிராம். இதே வரிசையில், முன்னது முழுதாகக் கரைந்த பிறகுதான் அடுத்தது.

சரி, வரிசை தவறாமல் சிட்ரிக் போட்டால்? அப்போதும் இரண்டு சிக்கல். எடைக்கு எடை போட்டால் சிட்ரிக் கூடுதல் புளிப்பு, கந்தகம் பிரியும் ஆபத்து அதிகம். இரண்டாவது இன்னும் பெரியது. ஜெலட்டினை இறுக்குவது படிகாரத்தில் உள்ள அலுமினியம். சிட்ரிக் அந்த அலுமினியத்தைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும். ஃபிலிம் இறுகாது. குளிர்ப் பிரதேசத்தில் இது பெரிய இழப்பில்லை. சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீரே கொதிக்கிற நம் கரையில் எமல்ஷன், அதாவது படம் பதிந்த அந்த ஜெலட்டின் பூச்சு, விரலோடு வந்துவிடும்.

வினிகர் என்றால் பயமில்லை, அதே அசிட்டிக் அமிலம் நீர்த்து இருக்கிறது, அவ்வளவுதான். 4 சதவீதம் என்றால் சுமார் 340 மில்லி ஊற்றி, அந்த அளவுக்குத் தண்ணீரைக் குறையுங்கள்.

கேரம் போர்டுக்குப் போடும் போரிக் பவுடர் ஸ்டாப் பாத்துக்கு ஆகுமா? (தொண்டி)

ஆகாது. மிக மெலிந்த அமிலம், டெவலப்பரை நிறுத்தும் வலு இல்லை.

ஸ்லைடு போல் பாசிட்டிவ் எடுக்க பிளீச் கலக்குகிறேன். கந்தக அமிலத்துக்குப் பதில் கழிவறை ஆசிட் ஊற்றலாமா? (ராமநாதபுரம்)

வேண்டவே வேண்டாம். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். முதலில் உருவான வெள்ளியைக் கரைக்கும் இந்த பிளீச்சில் பெர்மாங்கனேட்டோ டைகுரோமேட்டோ இருக்கும். பெர்மாங்கனேட்டில் பட்டால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய இருட்டறையில் உயிருக்கே ஆபத்து. டைகுரோமேட்டோடு சேர்த்தாலும் வெள்ளி கரைந்து போகாமல் சில்வர் குளோரைடாக மாறி ஃபிலிமிலேயே தங்கும், அடுத்த டெவலப்பரில் கறுத்துவிடும். பாசிட்டிவ் வராது. மாற்று வேண்டுமென்றால் சோடியம் பைசல்ஃபேட் தேடுங்கள்.

கரையொதுங்கும் பாசியை வைத்து சயனோடைப் (வெயிலில் பதியும் நீலப் படம்) போடுகிறேன். அலசியதும் நீலம் வெளிறுகிறது. (மண்டபம்)

இந்தக் கேள்வி மனசுக்கு நிறைவாக இருந்தது. 1843-லேயே ஆங்கிலேயத் தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளைத்தான் இப்படி நீலத்தில் பதித்தார். உங்களுக்குக் கட்டக்கோரையும் மரிக்கொழுந்துப் பாசியும் காலடியில் கிடக்கின்றன.

வெளிறுவதற்கு உங்கள் போர் தண்ணீரைத்தான் சந்தேகப்படுகிறேன். காரத்தன்மை உள்ள தண்ணீரில் இந்த நீலம் நிற்காது. முதல் அலசலில் லிட்டருக்கு 5 கிராம் எலுமிச்சை உப்பு போடுங்கள். வினிகரும் ஒரு குறையும் இல்லாமல் அதே வேலையைச் செய்யும். கடைசி அலசல் கேன் தண்ணீரில் இருக்கட்டும். பாசியையும் தாளில் வைக்கும் முன் நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி ஒற்றியெடுங்கள், உப்புத் திட்டு விழாது.