வாசகர் கேள்வி: செங்குத்துச் சரிவில் ஏன் திராட்சைக் கொடி?

கேள்வி: சென்ற செப்டம்பரில் நானும் என் கணவரும் ஜெர்மனியின் மோசல் ஆற்றில் படகில் சென்றோம். சமதரை இருக்க, கால் ஊன்றவே முடியாத சரிவுகளில் திராட்சை பயிரிட்டிருக்கிறார்களே, ஏன் இந்தச் சிரமம்? அங்கே அருந்திய வெள்ளை ஒயின் இனித்தது. அதில் சர்க்கரை கலக்கிறார்களா?
— வாசகி, ஈசூன்

பதில்: ஈசூனிலிருந்தே தொடங்கலாம். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஒரு பாகைக்குச் சற்று மேலே இருப்பதால், நண்பகல் வெயில் ஏறத்தாழ உச்சந்தலையில் விழுகிறது. சமதரைக்கு அதுவே போதும். மோசலோ 50 பாகையில் இருக்கிறது. நீங்கள் சென்ற செப்டம்பர் இறுதியில், நண்பகலிலும் கதிரவன் அங்கே 40 பாகை உயரம்தான் எழுகிறது. சமதரையில் சாய்ந்து விழுந்து சிதறும் அந்த ஒளி, தெற்கு நோக்கிய சரிவில் நேராக விழுகிறது. ஆறு வளைந்து வளைந்து ஓடுவதால் அத்தகைய சரிவுகள் நிறையவே அமைந்துவிட்டன. பிரெம் என்னும் ஊரிலுள்ள கல்மோன்ட் சரிவு சில இடங்களில் 65 பாகை வரை சாய்ந்திருக்கிறது.

அந்த மண்ணைக் கூர்ந்து பார்த்தீர்களா? மண் என்பதைவிட, தகடு தகடாக உடைந்த சிலேட்டுக் கற்கள் என்பதே பொருந்தும். பகலெல்லாம் வெயிலை உறிஞ்சும் அக்கற்கள், பொழுது சாய்ந்த பின்னும் வெதுவெதுப்பாக இருந்து கொடிக்குச் சூடு தருகின்றன. மரபான தோட்டங்களில் ஒவ்வொரு கொடிக்கும் தனிக்கழி நட்டு, இரு கிளைகளை இதய வடிவில் வளைத்துக் கட்டுவார்கள். அதனால் வேலையாட்கள் வரிசையின் ஊடே குறுக்காகவும் நடக்க முடியும். மிகச் செங்குத்தான இடங்களில் வழக்கமான டிராக்டர் ஏறாது. கவாத்தும் அறுவடையும் கையால்தான். அந்த உழைப்பை அறிந்தவர்கள், அந்த ஒயினுக்குக் கேட்கும் விலையை அதிகம் என்று சொல்லத் தயங்குவார்கள், நானும் தயங்குகிறேன்.

அங்கே முதன்மையான இரகம் ரீஸ்லிங். மோசல் பகுதியை உள்ளடக்கிய திரியர் நாட்டை ஆண்ட கிளமென்ஸ் வென்செஸ்லாஸ், 1787இல் தரமற்ற கொடிகளை அகற்றி நல்ல இரகங்களை நடுமாறு ஆணையிட்டது ரீஸ்லிங் பரவ உதவியது. தாமதமாகப் பழுக்கும் இந்தப் பழம், குளிர்ந்த இலையுதிர்காலத்தில் மெல்ல மெல்ல இனிப்பேறினாலும் புளிப்பை இழப்பதில்லை.

நீங்கள் உணர்ந்த இனிப்பு பழத்தின் இனிப்பே. நொதித்தல் முழுமையடையும் முன் நிறுத்தப்பட்டால், பழச்சர்க்கரையில் ஒரு பகுதி மதுசாரமாக மாறாமல் தங்கிவிடுகிறது. காபினெட், ஸ்பேட்லேஸ் முதலிய பெயர்கள் கொண்ட உயர்தர வகைகளில், மதுசாரத்தைக் கூட்டுவதற்காகச் சாற்றில் சர்க்கரை சேர்ப்பதை ஜெர்மானியச் சட்டம் தடை செய்கிறது. அடுத்த முறை புட்டியின் சீட்டைப் பாருங்கள். மதுசாரம் 8 விழுக்காடு அளவில் இருந்தால் பெரும்பாலும் இனிக்கும். இனிப்பு வேண்டாமென்றால் 'ட்ரோக்கன்' என்று அச்சிட்டதைக் கேட்டு வாங்குங்கள்.