ஜாக் சாலமன்ஸும் அந்த மூன்று வாரங்களும் – கடிதம்

வணக்கம் சார்,

பிரிட்டிஷ் குத்துச்சண்டை வீரர் ராண்டால்ஃப் டர்பின் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அதில் லண்டனில் போட்டிகளை நடத்திய புரமோட்டர் ஜாக் சாலமன்ஸை 'கெட்டிக்கார வியாபாரி' என்று சொல்லிவிட்டுக் கடந்து போய்விட்டீர்கள். நான் தேடிப் படித்தபோது இரண்டு சாலமன்ஸ் கிடைக்கிறார்கள். போருக்குப் பிறகு பிரிட்டிஷ் குத்துச்சண்டையைத் தூக்கி நிறுத்தியவர் ஒருவர். ஃப்ரெடி மில்ஸ், புரூஸ் உட்காக் என்ற இரண்டு வீரர்களைச் சக்கையாகப் பிழிந்து எறிந்தவர் இன்னொருவர். "அந்தக் காலம் அப்படி, இவர் செய்யாவிட்டால் வேறொருவர் செய்திருப்பார்" என்கிறார் என் நண்பர். நீங்கள் எந்தப் பக்கம்? அப்புறம், அந்தக் காலத்துச் சண்டைகளைப் பார்க்க வேண்டுமென்றால் எதில் ஆரம்பிப்பது?

ஆர்.கே., திருப்பூர்

அன்புள்ள ஆர்.கே.,

'கெட்டிக்கார வியாபாரி' என்று நான் எழுதியது பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை. மனிதர் உண்மையிலேயே வியாபாரிதான். லண்டனின் கிழக்குப் பகுதியில் மீன் வியாபாரம் செய்த யூதர். இளவயதில் 'கிட் மியர்ஸ்' என்ற பெயரில் கொஞ்ச நாள் ரிங்கில் ஏறிப் பார்த்தார், சரிப்படவில்லை. முப்பதுகளில் ஹாக்னியில் டெவன்ஷயர் கிளப் என்று ஒரு சின்ன அரங்கை நடத்தினார். போரில் குண்டு விழுந்து அதுவும் போயிற்று.

ஐரோப்பாவில் போர் முடிந்தது 1945 மே மாதம். ஜூலை 17ஆம் தேதி டாட்டன்ஹாம் கால்பந்து மைதானத்தில் பிரிட்டிஷ் ஹெவிவெயிட் சாம்பியன் ஜாக் லண்டன் என்பவரையும், டான்காஸ்டர் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்த புரூஸ் உட்காக்கையும் மோதவிட்டார் சாலமன்ஸ். உட்காக் ஆறாவது ரவுண்டில் ஜெயித்தார். அந்த நேரத்தை நினைத்துப் பாருங்கள். ஜனங்கள் கையில் கொஞ்சம் காசு இருக்கிறது, கடையில் வாங்க ஒன்றும் இல்லை, எல்லாமே ரேஷன், ஆறு வருஷமாகச் சிரிப்பு என்பதே இல்லை. அந்தப் பசி மற்றவர்களுக்கு முன்னால் இவர் கண்ணில் பட்டது. பிறகு ஏழெட்டு வருஷம் ஹாரிங்கே அரங்கு, ஒயிட் சிட்டி மைதானம், ஏர்ல்ஸ் கோர்ட் என்று லண்டனில் பெரிய சண்டை எங்கே நடந்தாலும் வாயில் சுருட்டோடு இவர்தான் நின்றார். சோஹோவில் கிரேட் விண்ட்மில் தெருவில் இருந்த இவருடைய ஜிம்மில் சாம்பியன்கள் பயிற்சி எடுப்பதைப் பார்க்கவே ஜனங்கள் காசு கொடுத்துப் போனார்கள். பயிற்சிக்கும் டிக்கெட் போடலாம் என்று தோன்றிய மூளையைக் கெட்டிக்காரத்தனம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது.

சரி, நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். சாலமன்ஸ் மேல் குற்றப்பத்திரிகை எழுத உட்கார்ந்தால் நான் 1946இல் மூன்று வாரங்களை மட்டும்தான் எழுதுவேன்.

அந்த வருஷம் மே 14ஆம் தேதி ஹாரிங்கேயில் ஃப்ரெடி மில்ஸுக்கும் அமெரிக்கர் கஸ் லெஸ்னெவிச்சுக்கும் லைட் ஹெவிவெயிட் (ஹெவிவெயிட்டைவிடக் குறைந்த எடைப் பிரிவு) உலகப் பட்டத்துக்கான சண்டை. மில்ஸ் அதற்கு முன் ஒரு வருஷத்துக்கும் மேலாக ரிங்கில் ஏறவே இல்லை, விமானப்படை வேலையில் இந்தியாவில் இருந்துவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தார். இரண்டாவது ரவுண்டிலேயே திரும்பத் திரும்பக் கீழே விழுந்தார், எழுந்தார், அதற்குப் பிறகு எட்டு ரவுண்டு நின்று அடித்தார், அடியும் வாங்கினார், பத்தாவதில் நடுவர் சண்டையை நிறுத்தினார். மூன்று நாள் கழித்து, மே 17ஆம் தேதி, நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் டாமி மாரியெல்லோ கையில் ஐந்தாவது ரவுண்டில் நாக் அவுட் ஆனார் உட்காக். ஆக, பிரிட்டனின் இரண்டு பெரிய பெயர்களும் ஒரே வாரத்தில் தலையில் பலமாக அடி வாங்கி விழுந்துவிட்டார்கள். ஜூன் 4ஆம் தேதி சாலமன்ஸ் இந்த இருவரையும் ஹாரிங்கேயில் ஒருவரோடொருவர் மோதவிட்டார். பன்னிரண்டு ரவுண்டு! முழுவதும் போய் உட்காக் புள்ளிக் கணக்கில் ஜெயித்தார். மில்ஸைவிட அவர் எடையும் கூடுதல்.

இதோடு முடிந்திருந்தால்கூட ஒரு தடவை புத்தி தடுமாறியது என்று விட்டுவிடலாம். அதே நவம்பரில் மில்ஸை ஜோ பாக்ஸி என்ற அமெரிக்க ஹெவிவெயிட்டோடு ஏற்றினார்கள், எடை வித்தியாசம் பதினைந்து கிலோவுக்கும் மேல், ஆறு ரவுண்டில் கதை முடிந்தது. அடுத்த ஏப்ரலில் அதே பாக்ஸியோடு உட்காக். முதல் ரவுண்டிலேயே உட்காக்கின் தாடை எலும்பு முறிந்துவிட்டது. முறிந்த தாடையோடு ஏழாவது ரவுண்டு வரை நின்றார். ரிங்கில் அவருடைய மூலையில் இருந்த உதவியாளர்கள் என்ன பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. பதினேழு மாதம் அந்த மனிதர் ரிங் பக்கமே வர முடியவில்லை.

'அந்தக் காலம் அப்படி' என்ற உங்கள் நண்பரின் வாதம் இங்கேதான் எனக்கு இடிக்கிறது. அடி வாங்கி வாங்கி மூளை கலங்கிப்போகும் நிலையைப் பற்றி அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் மருத்துவ இதழில் எழுதியது 1928இல். அதை அவர் புதிதாகக் கண்டுபிடிக்கக்கூட இல்லை, குத்துச்சண்டைக்காரர்களே தங்களுக்குள் அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள், அந்தப் பெயரையே கட்டுரைக்கும் தலைப்பாக வைத்தார். ஆக மைதானத்தில் தண்ணீர் பாட்டில் தூக்கும் பையன் வரைக்கும் தெரிந்த விஷயம் அது. டாக்டரும் லேபர் கட்சி எம்.பி.யுமான எடித் சம்மர்ஸ்கில் குத்துச்சண்டையையே தடை செய்ய வேண்டும் என்று வருஷக்கணக்கில் போராடினார். நான் தடை கேட்கிற ஆள் இல்லை. ஆனால் யாருக்கும் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

மில்ஸுக்கு டெட் பிராட்ரிப் என்ற மேனேஜர் இருந்தார், பிற்பாடு மாமனாராகவும் ஆனார். உட்காக்குக்கு டாம் ஹர்ஸ்ட். மேலே பிரிட்டிஷ் குத்துச்சண்டை வாரியம். புரமோட்டரைக் கேட்டால் மேனேஜர் ஒப்புக்கொண்டார் என்பார், மேனேஜரைக் கேட்டால் பையனே ஆசைப்பட்டான் என்பார், வாரியத்தைக் கேட்டால் மருத்துவச் சான்றிதழ் இருக்கிறது என்று சொல்லும். பையன் ஆசைப்பட்டது பொய்யும் இல்லை. மில்ஸ் வேண்டாம் என்று சொல்லத் தெரியாத ஜாதி. ஆனால் இவர்களில் தேதியை முடிவு செய்தவர் ஒருவர்தான். அரங்கு அவர் கையில், எதிராளியைக் கடல் கடந்து கொண்டுவரும் பணம் அவர் கையில். ஜூன் 4 என்பதை ஆகஸ்ட் 4 ஆக்கியிருந்தால் யார் குடியும் முழுகியிருக்காது, டிக்கெட்டும் விற்றுத்தான் இருக்கும். தோற்ற சூடு ஆறுவதற்குள் விற்றுவிட வேண்டும் என்று நினைத்ததுதான் அவர் கணக்கு. மீன் சந்தையில் அது சரியான கணக்கு.

மற்றபடி அவர் மேல் சொல்லப்படும் பல குற்றச்சாட்டுகள் எனக்குப் பெரிதாகப் படவில்லை. 1948 செப்டம்பரில் உட்காக் திரும்ப வந்தபோது லீ ஓமா என்ற அமெரிக்கரைக் கொண்டுவந்தார். அவர் வந்தார், நாலாவது ரவுண்டில் படுத்துக்கொண்டார், மறுநாள் ஒரு பத்திரிகை 'ஓமா, கோமா, அரோமா' என்று தலைப்பு போட்டது. ரசிகர்களுக்குக் காசு நஷ்டம், யார் மண்டையும் உடையவில்லை. போகட்டும். அதே 1948இல் ஒயிட் சிட்டியில் மில்ஸ் லெஸ்னெவிச்சை ஜெயித்து உலக சாம்பியனும் ஆனார், அந்த வாய்ப்பையும் உருவாக்கிக் கொடுத்தவர் சாலமன்ஸ்தான், இதையும் சொல்ல வேண்டும். 1950 ஜனவரியில் ஜோயி மாக்ஸிமிடம் பல் தெறிக்கத் தோற்றதோடு மில்ஸ் விலகினார். 1965இல் சோஹோவில் அவருடைய நைட் கிளப்புக்குப் பக்கத்தில், காரில், துப்பாக்கிக் குண்டு பாய்ந்து இறந்து கிடந்தார். தற்கொலை என்று விசாரணையில் தீர்ப்பானது, குடும்பம் அதை ஏற்கவில்லை. அந்தச் சாவை 1946இல் கொண்டுபோய் முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. நான் போடமாட்டேன். அதற்கு ஆதாரம் கிடையாது. தலையில் வாங்கிய அடிகளை மட்டும் கணக்கில் வைத்தாலே போதும், அதற்கே சாலமன்ஸ் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

டர்பின் விஷயத்திலும் அப்படித்தான். 1951 ஜூலை 10, ஏர்ல்ஸ் கோர்ட். அதுவரை தொழில்முறையில் ஒரே ஒரு தடவை தோற்றிருந்த அமெரிக்கர், மிடில்வெயிட் உலக சாம்பியன் சுகர் ரே ராபின்சன், பிங்க் நிறக் காடிலாக்கோடு ஐரோப்பாவைச் சுற்றிவிட்டு லண்டன் வந்தார். டர்பின் பதினைந்து ரவுண்டு நின்று புள்ளியில் ஜெயித்தார். செப்டம்பரில் நியூயார்க் மறுபோட்டியில், பத்தாவது ரவுண்டு முடியச் சில நொடிகள் இருக்கும்போது நடுவர் நிறுத்த, பட்டம் போயிற்று. அறுபத்து நாலு நாள் சாம்பியன். அந்த மறுபோட்டி ஒப்பந்தம்தான் டர்பினைக் கெடுத்தது என்பார்கள். மறுபோட்டி இல்லாமல் ராபின்சன் பட்டத்தோடு கப்பலே ஏறியிருக்கமாட்டார், அப்புறம் டர்பினுக்கு எங்கிருந்து முதல் போட்டி? 1962இல் வரிப் பாக்கியில் டர்பின் திவாலானதும், நாலு வருஷம் கழித்துத் தன் உயிரை மாய்த்துக்கொண்டதும் கொடுமை. ஆனால் அந்தப் பணம் அவர் கைக்கு வந்து, சுற்றி இருந்தவர்கள் வழியாகவும் தப்பான முதலீடுகள் வழியாகவும் போன பணம். அதை சாலமன்ஸ் கணக்கில் எழுதுவது நியாயம் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது என் எரிச்சல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சாலமன்ஸைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள் லார்ட் லான்ஸ்டேலைப் பற்றி வாய் திறப்பதில்லை. அவர் தலைவராக இருந்த நேஷனல் ஸ்போர்ட்டிங் கிளப்பில் கனவான்கள் மாலை உடையில், சத்தம் போடாமல், சாப்பிட்டுக்கொண்டு பார்க்க ஏழைப் பையன்கள் அடித்துக்கொண்டார்கள். அங்கே சண்டை போட்டுச் செத்தவர்கள் உண்டு, 1901இல் ஒரு சாவு ஓல்ட் பெய்லி நீதிமன்றம் வரை போய் விடுதலையில் முடிந்தது. பிரிட்டிஷ் பட்டத்துக்குக் கறுப்பினத்தவர் போட்டியிட முடியாது என்ற கேவலமான விதி 1948 வரை இருந்தது, ராண்டால்ஃபின் அண்ணன் டிக் டர்பின்தான் அதை உடைத்து முதலில் ஜெயித்தவர். இதெல்லாம் நடந்த பிறகும் லான்ஸ்டேல் பெயர் சாம்பியன் பெல்ட்டிலும் டி-ஷர்ட்டிலும் கம்பீரமாக இருக்கிறது. பிரபு செய்தால் புரவலர், மீன்காரன் செய்தால் ரத்தம் குடிப்பவன். ஒரு யூத வியாபாரியைப் பற்றிப் பேசும்போது அந்தக் 'குடிப்பவன்' என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது என்பதையும், யூதர்கள் மேல் காலங்காலமாகச் சுமத்தப்பட்ட ரத்தப் பழியையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

'இவர் இல்லாவிட்டால் இன்னொருவர்' என்பது உண்மைதான், வந்தார்கள். கேளிக்கை வரி ஏறியது, டிவி வந்தது, 1958இல் ஹாரிங்கேயை மூடினார்கள். ஹாரி லெவீன், ஜார்விஸ் அஸ்டேர், மிக்கி டஃப் எல்லோரும் சேர்ந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள், இவரைவிட இறுக்கமாகவே பிடித்தார்கள். 1966இல் முகமது அலி மறுபடி ஹென்றி கூப்பரோடு மோத லண்டன் வந்தபோது போட்டியை நடத்தியவர் சாலமன்ஸ் இல்லை. அவருக்கு 1978இல் ஓ.பி.இ. என்ற பிரிட்டிஷ் அரச விருது கிடைத்தது, அடுத்த வருஷம் இறந்துபோனார். வேறொருவர் செய்திருப்பார் என்பதால் செய்தவர் பொறுப்பு குறைந்துவிடாது, உங்கள் நண்பரிடம் இதைச் சொல்லுங்கள்.

பார்ப்பதற்கு: டர்பின் – ராபின்சன் முதல் போட்டியில் ஆரம்பியுங்கள், படச்சுருள் இணையத்தில் கிடைக்கிறது. டர்பினின் இடது கையைக் கவனியுங்கள், ராபின்சன் நெருங்கும்போதெல்லாம் எப்படி அது முன்னால் வந்து கெடுக்கிறது என்று தெரியும். அடுத்து சாலமன்ஸ் நடத்திய 1963 வெம்ப்லி போட்டி, காசியஸ் கிளே (பிற்பாடு முகமது அலி) – ஹென்றி கூப்பர். கிளே தலையில் கிரீடத்தோடு வருவார், நாலாவது ரவுண்டு முடிவில் கூப்பர் இடது கையை வளைத்து விட்ட குத்தில் (ஹூக்) உட்கார்ந்துவிடுவார். கையுறை கிழிந்ததால் கிளேக்கு ஐந்து நிமிஷம் கூடுதல் ஓய்வு கிடைத்தது என்று பெரிய கதை ஒன்று உலவுகிறது. கடிகாரத்தை வைத்துக்கொண்டு பாருங்கள், கிடைத்தது சில நொடிகள்தான். ஐந்தாவது ரவுண்டில் கூப்பரின் கண் கிழிந்து ரத்தம் கொட்டும், அதைப் பார்க்க முடியாது என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.