டைல்ஸ் அறுக்கும்போது என்95 மாஸ்க் போட்டும் மூக்கில் தூசி படிகிறதே, ஏன்?

என்95 என்பது காற்றில் மிதக்கும் நுண்துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தை வடிகட்டும் மாஸ்க். அதைப் போட்டும் தூசி உள்ளே வந்தால், பெரும்பாலும் குறை ஓரத்தில்தான் இருக்கும். மூச்சை இழுக்கும்போது காற்று சுலபமான வழியைத் தேடும். கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகாமல் விட்டால் கொசு எப்படி வருமோ, அப்படித்தான் தூசியும். ஒருநாள் தாடிகூட அந்த இடைவெளியைத் தந்துவிடும்.

அதனால் மழித்த முகத்தில் போடுங்கள். ஒரு பட்டை பின்னந்தலையின் மேல்பக்கம், இன்னொன்று காதுக்குக் கீழே பின்கழுத்தில். சிலர் கீழ்ப்பட்டையைத் தொங்கவிடுகிறார்கள், தயவுசெய்து வேண்டாம். மூக்குக் கம்பியை இரு கை விரல்களாலும் அழுத்தி, மாஸ்க்கைக் கைகளால் மூடி ஊதிப் பாருங்கள். ஓரத்தில் காற்று கசிந்தால் மறுபடி சரிசெய்யுங்கள்.

அப்புறம், துவைக்காதீர்கள். தலையில் தேய்த்த சீப்பு காகிதத் துணுக்கை இழுப்பதுபோல, இதன் இழைகள் மின்னேற்றத்தால் தூசியைப் பிடிக்கின்றன. சோப்பு பட்டால் அந்தச் சக்தி போய்விடும். டைல்ஸ் தூசியிலுள்ள சிலிக்கா தரும் நுரையீரல் நோயை முழுமையாகக் குணப்படுத்த முடியாது. ஆகவே முடிந்தவரை தண்ணீர் விட்டே அறுங்கள்.

இந்த மாஸ்க் விஷவாயுவையும் தடுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். தின்னர் ஆவியையோ கழிவுநீர்த் தொட்டி வாயுவையோ இது தடுக்காது, ஆக்ஸிஜனும் தராது.